ஒரு கதை, மூன்று தடவை, ஊம் கொட்ட ஓர் ஆள்: பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைக்கும் வழி

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் "உன்னைப் பற்றிச் சொல்லு" என்று ஆங்கிலத்தில் கேட்டால், மை நேம் இஸ் என்று ஆரம்பித்து அப்பா பெயர், அம்மா பெயர், படிக்கும் பள்ளி, பிடித்த நிறம் வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடும். அடுத்து, "நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்?" என்று அதே ஆங்கிலத்தில் கேளுங்கள். தலை குனிந்துவிடும். அதே பிள்ளை பள்ளி விட்டு வெளியே வந்ததும், தக்கலை பஸ் ஸ்டாண்டில் நடந்த ஒரு சண்டையை, யார் முதலில் கை ஓங்கினான், கண்டக்டர் என்ன சொன்னார், நடுவில் ஒரு பாட்டி எப்படிப் புகுந்து விலக்கினார் என்று கையையும் காலையும் ஆட்டிச் சொல்லிக்கொண்டு போகும். கூட நடக்கும் நாலு பேரும் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ஆக, பிள்ளைக்குப் பேச்சு வராமல் இல்லை. கதை சொல்லும் திறமை கை நிறைய இருக்கிறது. அந்தத் திறமையை அப்படியே தூக்கி ஆங்கிலத்துக்குள் கொண்டுபோய் வைப்பதைத்தான் கதை வழி மொழி கற்பித்தல் என்கிறார்கள். நான் கல்குளம் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன், சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசச் சொல்கிறேன். இந்த முறையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் புரிகிற மாதிரி, என் அனுபவத்தையும் சேர்த்து எழுதிப் பார்க்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிக்கவும் எழுதவும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் உண்டு, ஆர்வமும் உண்டு. பேச்சு மட்டும் ஏன் நின்றுபோகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். வகுப்பில் நாற்பது பேர், பாடவேளை நாற்பது நிமிடம். ஆசிரியர் இருபத்தைந்து நிமிடம் பேசிவிட்டால் மிச்சம் பதினைந்து நிமிடத்தை நாற்பது பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். ஆளுக்குச் சுமார் இருபத்திரண்டு விநாடிதான் வரும். அந்த இருபத்திரண்டு விநாடியிலும் பெரும்பாலும் "எஸ் மிஸ்", "நோ மிஸ்" தான். நீச்சல் புத்தகத்தை வருடம் முழுக்கப் படித்துவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளத்தில் காலை மட்டும் நனைத்தால் எப்படி நீந்த வரும்?

கேட்பது பாதி, சொல்வது பாதி

கதை வழிக் கற்பித்தல் என்றதும், ஆசிரியர் கதை சொல்வார், பிள்ளைகள் கேட்பார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். அந்தப் பாதியும் அவசியம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1980களின் தொடக்கத்தில் ஒன்றை வலியுறுத்தினார். நமக்குப் புரிகிற, ஆனால் நம் தரத்தைவிட ஒரு படி மட்டும் மேலே இருக்கிற பேச்சை நிறையக் கேட்கும்போதுதான் மொழி உள்ளே இறங்கும். பயமும் வெட்கமும் மனசில் திரை போட்டுவிட்டால் கேட்டதும் உள்ளே போகாது. கதை இந்த இரண்டுக்கும் பொருந்துகிறது பாருங்கள்: அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலில் பிள்ளை பயத்தை மறக்கும், தெரியாத வார்த்தை ஒன்றிரண்டு வந்தாலும் கதையின் போக்கே அதற்குப் பொருள் சொல்லிவிடும்.

இன்னொரு பாதியைக் கனடாவில் மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் கவனித்தார். அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் பள்ளிகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் வருடக்கணக்காகப் பிரெஞ்சைக் கேட்டார்கள், நன்றாகப் புரிந்துகொண்டார்கள், ஆனால் அவர்கள் பேசும் பிரெஞ்சு அந்த அளவுக்குத் திருத்தமாக வரவில்லை. கேட்பது மட்டும் போதாது, சொல்ல வைக்கவும் வேண்டும் என்று 1985இல் அவர் எழுதினார். சொல்ல முயன்று வார்த்தை கிடைக்காமல் முட்டி நிற்கும்போதுதான் எது தனக்குத் தெரியவில்லை என்பதே ஒருவருக்குத் தெரியவரும் என்பதைப் பிறகு விரித்துச் சொன்னார். எனக்கு இவர் சொன்னதுதான் கூடுதலாகக் கைகொடுத்தது. பத்து வருடம் ஆங்கிலம் கேட்டும் பேசாத பிள்ளைகளைத்தானே நான் தினமும் பார்க்கிறேன்.

நம் தமிழ் எங்கே இடிக்கிறது

பிள்ளை தமிழில் கதை சொல்லும்போது இப்படிச் சொல்லும்: "சந்தைக்குப் போய், சாளை வாங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து, அம்மாகிட்ட கொடுத்தேன்." ஐந்து வேலை நடந்திருக்கிறது, ஆனால் முற்றுப்பெற்ற வினை ஒன்றே ஒன்றுதான், கடைசியில் வரும் "கொடுத்தேன்". போய், வாங்கி, பிடித்து, வந்து எல்லாம் வினையெச்சம். காலமும் ஆளும் கடைசி வினையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலம் அப்படி விடாது. வென்ட், பாட், காட், கேம், கேவ் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இறந்தகாலம் வேண்டும்.

இது தெரியாமல் பிள்ளை தமிழ்ச் சங்கிலியை அப்படியே ஆங்கிலத்தில் இழுக்கும்: "ஐ கோயிங் மார்க்கெட், சாளை பையிங், பஸ் கேட்சிங், ஹோம் கமிங், மதர் கேவ்." இதைக் கேட்டுச் சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிள்ளை முட்டாள்தனமாக எதையும் சொல்லவில்லை. தன் தாய்மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது, கடைசி வினையை மட்டும் இறந்தகாலத்தில் வைத்திருக்கிறது. இடத்தை மட்டும் நாம் மாற்றிக் காட்ட வேண்டும். சங்கிலியை அறுத்துத் துண்டு துண்டாக வை, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஆளையும் ஒரு காலத்தையும் கொடு. நான் வகுப்பில் இதைத் தேங்காய் உடைப்பது என்று சொல்வேன், ஒரு நீளமான தமிழ் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி "உடைங்க மக்களே" என்றால் பிள்ளைகள் ஐந்து ஆங்கில வாக்கியமாக உடைத்துவிடுவார்கள்.

இன்னும் இரண்டு இடம் இடிக்கும். "ஓடினாள்" என்றாலே ஓடியது பெண் என்று தமிழில் தெரிந்துவிடுவதால் "அவள்" என்பதை விட்டுவிடுவோம், ஆங்கிலத்தில் விட முடியாது, ஒவ்வொரு தடவையும் ஷீ வர வேண்டும். அடுத்தது ஆங்கிலத்தின் அ (a), த (the) என்ற இரண்டு குட்டிச் சொற்கள். இதை விதியாகச் சொல்லிக்கொடுத்து நான் பல வருடம் வீணாக்கியிருக்கிறேன். கதைக்குள் வைத்துக் காட்டினால் ஒரே நாளில் பிடிபடும்: "ஒரு ஊரில் ஒரு நரி இருந்தது. அந்த நரிக்குப் பசி." முதலில் ஒரு, அறிமுகமான பிறகு அந்த. அ ஃபாக்ஸ், அப்புறம் த ஃபாக்ஸ். எல்லா இடத்துக்கும் இது சரியாக வராது, ஆனால் கதை சொல்ல ஆரம்பிக்கும் பிள்ளைக்கு இது போதும்.

பின்பாட்டுக்காரர் சொல்லித்தந்த பாடம்

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. நடுவில் வில்லை வைத்துக்கொண்டு கதை சொல்பவர், பக்கத்தில் குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா. எனக்குச் சின்ன வயசில் கதை சொல்பவரைவிடப் பிடித்தது அவருக்குப் பின்பாட்டுப் பாடுபவரைத்தான். அவர் என்ன செய்கிறார்? முன்னவர் ஒரு வரி சொன்னதும் "ஆமா" என்பார். சில இடத்தில் அந்த வரியின் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வார். சில இடத்தில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார். கதைக்காரர் மூச்சு வாங்கவும் அடுத்ததை யோசிக்கவும் அந்த ஒரு நொடி போதும். வீட்டில் கதை கேட்கும்போது நாம் ஊம் கொட்டுகிறோமே, அதே வேலைதான். ஊம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள்.

ஆங்கில வகுப்பில் இந்த ஆளைத்தான் காணோம். பிள்ளை முன்னால் வந்து நின்று பேச வேண்டும், நாற்பது பேர் வாய் மூடிப் பார்ப்பார்கள், ஆசிரியர் தப்பைக் குறித்துக்கொண்டிருப்பார். யாரும் ஊம் கொட்டமாட்டார்கள். அப்படி நிற்க வைத்தால் எனக்கே பேச்சு வராது.

அதனால் கதை சொல்ல வைப்பதற்கு முன்னால் ஊம் கொட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் நாலைந்து போதும்: "ரியலி?", "ஓ நோ!", "தென்?", "வாட் ஹேப்பன்ட் நெக்ஸ்ட்?", "வொய்?" இவை பேசத் தெரியாத பிள்ளைக்கும் வரும். வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளைகூட முதல் நாளிலிருந்து உரையாடலில் பங்கெடுத்துவிடும். இது சாதாரண விஷயம் இல்லை.

ஊம் கொட்டுவதில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு, அதை ஆசிரியர் செய்ய வேண்டும். கடலுக்குப் போனான் என்பதைப் பிள்ளை "ஹி கோ டு சீ" என்று சொல்கிறது என்று வையுங்கள். "கோ இல்லை, வென்ட்!" என்று வெட்டினால் கதை நின்றுபோகும், பிள்ளையின் முகமும் சுருங்கும். அதற்குப் பதிலாக, "ஓ, ஹி வென்ட் டு சீ! தென்?" என்று ஊம் கொட்டிப் பாருங்கள். பின்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிச் சொல்வது மாதிரியேதான், திருத்தம் மட்டும் உள்ளே ஒளிந்திருக்கிறது. மொழி கற்பித்தலைப் படித்தவர்கள் இதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், ரீகாஸ்ட் என்பார்கள். எல்லாப் பிள்ளையும் இதைக் கவனிக்கும் என்று சொல்லமாட்டேன், சிலருக்குக் காதில் விழுவதே இல்லை. திரும்பத் திரும்ப வரும் தப்பை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, கதைகள் எல்லாம் முடிந்த பிறகு, யாருடைய தப்பு என்று சொல்லாமல் கரும்பலகையில் எழுதி எல்லோருமாகச் சேர்ந்து சரி செய்வோம்.

முதல் கதை எப்படி இருக்க வேண்டும்

பிள்ளைக்கு ஏற்கெனவே தமிழில் தெரிந்த கதையாக இருக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். புதுக் கதையைப் புது மொழியில் கொடுத்தால் இரண்டு சுமை. தெரிந்த கதை என்றால் "அடுத்து என்ன" என்ற கவலை இல்லை, "எப்படிச் சொல்வது" என்பது மட்டும்தான் மிச்சம். நம் ஊர்க் கதைகள் இதற்கு அவ்வளவு தோதாக இருக்கின்றன.

கன்னியாகுமரி அம்மன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுசீந்திரத்திலிருந்து சிவன் ராத்திரியில் கல்யாணத்துக்குக் கிளம்புகிறார், விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும், நாரதர் சேவலாக மாறிக் கூவிவிடுகிறார், விடிந்துவிட்டது என்று நினைத்துச் சிவன் திரும்பிவிடுகிறார், கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிவிடுகிறது. கடற்கரையில் விற்கும் பல நிற மணலைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும். இதை எட்டே வாக்கியத்தில் சொல்லலாம்:

"ஷிவா ஸ்டார்டட் ஃப்ரம் சுசீந்திரம் அட் நைட். நாரதா பிகேம் அ ரூஸ்டர். த ரூஸ்டர் கால்ட் லவுட்லி. ஷிவா தாட், இட் இஸ் மார்னிங். ஹி வென்ட் பேக். த கேர்ல் வெயிட்டட். நோபடி கேம். த ரைஸ் பிகேம் சாண்ட்."

சேவல் கூவுவதற்கு ஆங்கிலத்தில் தனி வார்த்தை உண்டு, க்ரோட். முதல் நாளே அதைத் திணிக்க வேண்டாம். தெரியாத வார்த்தைக்குப் பதிலாகத் தெரிந்த வார்த்தையை வைத்துச் சமாளிக்கத் தெரிவதுதான் பேச்சு. ரூஸ்டர் என்ற வார்த்தைகூட மறந்துவிட்டால், "அ பேர்ட், மார்னிங் பேர்ட்" என்று பிள்ளை சொல்லட்டும். கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

ஆசிரியர் முதலில் இதைப் படம் வரைந்தோ, கை அசைத்தோ இரண்டு தடவை சொல்ல வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வாக்கியத்தையும் சுற்றிச் சுற்றிக் கேள்வி. "டிட் ஷிவா ஸ்டார்ட் அட் நைட்?" என்றால் எஸ். "நைட் ஆர் மார்னிங்?" என்றால் நைட். "வேர் டிட் ஹி ஸ்டார்ட் ஃப்ரம்?" என்றால் சுசீந்திரம். "டிட் ஹி ஸ்டார்ட் ஃப்ரம் மார்த்தாண்டம்?" என்றால் வகுப்பே சிரித்துக்கொண்டு நோ என்று கத்தும். பதில் ஒரே வார்த்தைதான், ஆனால் அதற்குள் அந்த வாக்கியத்தைப் பிள்ளை நாலைந்து தடவை கேட்டுவிடும். கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே என்பவர் கதையை மையமாக வைத்து ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார், இப்படிச் சுற்றிக் கேட்பது அந்த முறையின் உயிர்.

மூன்று தடவை

இப்போது பிள்ளைகள் சொல்ல வேண்டும். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வையுங்கள். ஒருவர் கதைக்காரர், ஒருவர் பின்பாட்டு. நாலு நிமிடம் சொல்ல வேண்டும். முடிந்ததும் கதைக்காரர் எழுந்து அடுத்த ஆளிடம் போய் அதே கதையை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். பிறகு மூன்றாவது ஆளிடம், இரண்டு நிமிடத்தில். 4/3/2 என்றே இதற்குப் பெயர். கீத் மாரிஸ் என்பவர் 1983இல் இதை எழுதினார், நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் பிறகு ஆராய்ந்து பரவலாக்கினார். நம் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் நாலு நிமிடம் அதிகம், நான் மூன்று, இரண்டு, ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்று தடவையில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டால்தான் நம்புவீர்கள். முதல் தடவை வார்த்தை தேடித் தேடி, "அது... மிஸ், அதுக்கு என்னாக்கும்?" என்று தமிழில் கேட்டு, பாதியில் நின்று, எப்படியோ முடிக்கும். இரண்டாவது தடவை தேடிய வார்த்தை கையில் இருக்கிறது, தயக்கம் குறைகிறது. மூன்றாவது தடவை நேரம் குறைவு என்பதால் வேகம் பிடிக்கும், தமிழில் யோசித்து மொழிபெயர்க்க அவகாசம் இல்லாததால் நேராக ஆங்கிலத்திலேயே வந்து விழும். ஆள் மாறுவதுதான் இதில் சூட்சுமம். ஒரே ஆளிடம் மூன்று தடவை சொன்னால் அவருக்கும் சலிப்பு, சொல்பவருக்கும் வெட்கம். புது ஆள் என்றால் ஒவ்வொரு தடவையும் அது புதுக் கதை.

கணக்கையும் பாருங்கள். நாற்பது பேரில் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஆறு நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஆறு நிமிடம் பேசியாகிவிட்டது, அடுத்த ஆறு நிமிடம் மிச்ச இருபது பேருக்கு. இருபத்திரண்டு விநாடி எங்கே, ஆறு நிமிடம் எங்கே! சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து "கிளாஸா, மீன் சந்தையா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறார்கள். மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மழைக்காலத்தில் அதுவும் முடியாது, அப்போது பாதிப் பேரைக் குசுகுசுவென்று சொல்லச் சொல்வேன்.

ஒப்பிப்பதையும் சொல்வதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நம் பிள்ளைகள் எட்டு வாக்கியத்தை ஒரே ராத்திரியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார்கள், கேட்கிற நமக்கும் சந்தோஷமாக இருக்கும். நடுவில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், "வாஸ் த ரூஸ்டர் பிக்?" என்று. ஒப்பிக்கிற பிள்ளை திகைத்து, முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்கும். சொல்கிற பிள்ளை "எஸ், வெரி பிக்" என்று சேவலின் கொண்டையைக் கையால் காட்டிவிட்டு மேலே போகும். அதனால் நான் கதையை எழுதிக் கொடுப்பதே இல்லை. எட்டுக் கட்டம் போட்டுக் கட்டத்துக்கு ஒரு கிறுக்கல் படம், அவ்வளவுதான் கையில் இருக்கும். இலங்கை வரைபடம் மாதிரி ஒரு சேவலை வரைவார்கள், பரவாயில்லை.

கதை நன்றாகப் பழகிய பிறகு ஆளை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். சேவலே சொன்னால் எப்படி இருக்கும்? "ஐ வாஸ் நாட் அ ரியல் ரூஸ்டர்" என்று ஒரு பையன் ஆரம்பித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஹி எல்லாம் ஐ ஆகிறது, ஹிஸ் எல்லாம் மை ஆகிறது, அதற்கென்று ஒரு பயிற்சித் தாளும் வேண்டியிருக்கவில்லை.

உச்சரிப்பு, கொஞ்சமாக

உச்சரிப்பை நான் அதிகம் துரத்துவதில்லை. ஒன்றை மட்டும் கவனிப்பேன், ஏனென்றால் கதை முழுக்க அதுதான் வரும். இறந்தகாலத்துக்கு எழுத்தில் ஒரே மாதிரி இ, டி சேர்த்தாலும் ஒலி மூன்று வகை. வாக்ட் என்பதில் ட் வலிந்து ஒலிக்கும், கால்ட் என்பதில் மென்மையாக ஒலிக்கும், வெயிட்டட், ஸ்டார்டட் என்பவற்றில் மட்டும்தான் ஓர் அசை கூடும். நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் வாக்கெட், காலெட் என்று மூன்றாவது வகையிலேயே போடுவார்கள். வினையின் கடைசி ஒலி ஆங்கில t அல்லது d-யாக இருந்தால் மட்டும் கூடுதல் அசை என்று ஒரு தடவை சொல்லி, கதைக்குள் கேட்க வைத்தால் போதும். ஸ்கூலை இஸ்கூல் என்றும் பஸ்ஸை பஸ்ஸு என்றும் சொல்வதை எல்லாம் காலம் சரிசெய்துகொள்ளட்டும்.

எந்தக் கதை, எது வேண்டாம்

ஒரே வகுப்பில் கோயிலுக்குப் போகும் பிள்ளையும், சர்ச்சுக்குப் போகும் பிள்ளையும், பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் மாவட்டம் இது. அதனால் ஒரே வகைக் கதையில் நிற்காமல் மாற்றி மாற்றி எடுங்கள். மருந்துவாழ் மலை, அனுமன் தூக்கிக்கொண்டு போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்ற கதை மூன்று வாக்கியத்தில் முடியும், சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது. கொஞ்சம் பெரியவர்களுக்குக் குளச்சல் போர். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள், பிடிபட்டவர்களில் டி லனாய் என்ற தளபதி பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார், அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. "ஹி கேம் டு ஃபைட். ஹி லாஸ்ட். ஹி ஸ்டேய்ட்." மூன்று சின்ன வாக்கியத்துக்குள் ஒரு மனிதனின் வாழ்க்கையே வந்துவிட்டது. பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கள்ளியங்காட்டு நீலி என்ற பேய்க் கதைக்குக் கூட்டம் அதிகம், ஆனால் ராத்திரி தூங்கமாட்டார்கள் என்று அம்மாமார் சண்டைக்கு வருவார்கள்.

கற்ற கதைகளுக்கு அப்புறம் சொந்தக் கதை. நேற்று பஸ் தவறவிட்டது, விடியற்காலையில் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போனது, தோவாளைச் சந்தையில் பூ வாங்கப் போய் வழி தவறியது. இங்கே ஒன்றை மனசாரச் சொல்லிக்கொள்கிறேன். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளிடம் "கடலைப் பற்றி ஒரு கதை சொல்லு" என்று சாதாரணமாகக் கேட்டுவிடாதீர்கள். 2004 சுனாமியும், 2017 ஒக்கிப் புயலும் பல வீடுகளில் ஆளைக் கொண்டுபோயிருக்கின்றன. வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அது தாத்தாவாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம். பிள்ளை தானாகச் சொல்ல வந்தால் கேளுங்கள், அப்போது ரீகாஸ்ட் எல்லாம் வேண்டாம், இலக்கணம் எப்படிப் போனாலும் போகட்டும். நான் ஒரு தடவை இது தெரியாமல் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை உட்கார்ந்த பிறகும் வெகு நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பியே நின்றிருக்கிறேன்.

வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லையென்றால்

பெற்றோர் அடிக்கடி கேட்பது இதுதான், "எங்களுக்கே தெரியாது டீச்சர், வீட்டில் எப்படிப் பேச வைக்க?" ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, ஊம் கொட்டத் தெரிந்தால் போதும். அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் கதையைக் குரல் பதிவாக அனுப்பச் சொல்கிறேன். சொல்லிப் பார்த்து, பிடிக்காமல் அழித்து, மறுபடி சொல்லி, ஐந்தாவது தடவைதான் அனுப்புவார்கள். மூன்று தடவை என்று நான் கேட்டது அங்கே ஐந்தாகிவிடுகிறது. முதல் மாதப் பதிவை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், வருடக் கடைசியில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் மதிப்பெண் அட்டையே தேவைப்படாது.

என் திண்ணைக்கு வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டில் பாட்டிக்குத்தான் கதை சொல்வாள். பாட்டிக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது, ஆனால் அம்மன் கதை அக்கு வேறு ஆணி வேறாகத் தெரியும். சுசீந்திரம் என்ற பெயர் காதில் விழுகிறது, ஷிவா, நாரதா விழுகிறது, பேத்தி கையை விரித்து ரைஸ், சாண்ட் என்கிறாள். ஒரு நாள் அவசரத்தில் நடுவில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டுச் சிவனை நேராகத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்: "சேவல் கூவவே இல்லையே மக்களே, அப்புறம் அவரு எதுக்குத் திரும்பிப் போனாரு?"